ஆவணி இருபது

“ஆறு மாசமா எட்டிப் பாக்காதவ கோடி கொண்டாந்தா என்ன, கொண்டாராட்டி என்ன? எங்க அண்ணிக்கு நானே போட்டுக்கிறேன். மூணு வாரமா பீ மூத்திரம் அள்ளினவ நான்.”

“அத்தை, மெதுவா. ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும்டா சித்தார்த்தா. எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே.”

ஒரு செருப்பைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமல், மலர்க்கொடி சந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் துணிக்கடைப் பை. உள்ளே அரக்குச் சிவப்பில் மஞ்சள் கரை போட்ட புதுப்புடவை இருந்தது. சுமங்கலியாகச் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போர்த்துகிற கோடி. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. அண்ணன் தம்பி கிடையாது. பானுமதிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது இந்தத் தங்கச்சி ஒருத்திதான்.

“பொறந்த வீட்டுக் கோடி இல்லாம அம்மாவை எப்படி அனுப்புறது? சித்தி பஸ்ல வந்துக்கிட்டிருக்காங்க.” பானுமதியின் ஒரே மகன் சித்தார்த்தன் சொன்னான். குரலில் சத்தே இல்லை.

“வருவா, வருவா. இந்தா இருக்கு திருவானைக்கோயில். அங்க நடந்த வளைகாப்புக்கு உங்கம்மா போகலைன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டவதானே. சாவுக்கு மட்டும் மூக்கைச் சிந்திக்கிட்டு வருவா.”

பேசியது மயிலம்மாள். பானுமதியின் நாத்தனார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்பதுதான் மலர்க்கொடியைப் படியேற விடாமல் செய்தது.

விடிகாலை ஐந்தரைக்குப் போன் வந்தது. முசிறியில் தெரிந்த துணிக்கடைக்காரரை எழுப்பி ஷட்டரைத் தூக்கவைத்து, இந்தப் புடவையை வாங்கிக்கொண்டு, புருஷன் மருதையோடு பஸ் ஏறி, டோல்கேட்டில் இறங்கி, கொள்ளிடம் பாலம் தாண்டி இன்னொரு பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்து சேர மணி பத்தாகிவிட்டது. மருதை முக்குக் கடையில் மாலை வாங்க நின்றான். அவன் வந்ததும் சேர்ந்தே உள்ளே போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

பேச்சு நின்றது. கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இப்போது இவள் மார்பில் அடித்துக்கொண்டு விழுவாள் என்று காத்திருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து வந்த இடுப்பு வலிதான் தெரிந்தது.

ஐஸ் பெட்டிக்குள் அக்கா படுத்திருந்தாள். கண்ணாடியில் ஈரம் கோத்து முகம் மங்கலாகத் தெரிந்தது. மலர்க்கொடி முந்தானையால் துடைத்தாள். கன்னம் ஒட்டி, மூக்கு மட்டும் நீண்டு, யாரோ மாதிரி இருந்தாள். உடம்பெல்லாம் வற்றிப்போயும் இடது கை மட்டும் வீங்கியே இருந்தது. மார்பை எடுத்தபோது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்; அன்றிலிருந்து அந்தக் கைக்கு வீக்கம் வடியவே இல்லை. வீங்கிய அந்தக் கையும் மூக்கும்தான் இது பானுமதி என்று சொல்லின.

மயிலம்மாள் இவளைப் பார்க்காமலே முழங்காலை மடக்கி உட்கார இடம் விட்டாள். மலர்க்கொடி உட்கார்ந்து புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ராகுகாலம் கழிந்து மூன்று மணிக்கு எடுப்பதாக யாரோ சொன்னார்கள்.

நேரம் பார்த்துச் சொல்வதென்றால் அது அக்கா வேலை. சத்துணவு அமைப்பாளராக இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். எந்தப் பிள்ளை கிருத்திகைக்கு முட்டை தின்னாது, எந்தப் பிள்ளை வீட்டில் அமாவாசைக்குக் காக்காய்க்கு வைத்தபிறகுதான் சாப்பிடும் என்று நூற்றி நாற்பது பிள்ளைகளுக்கும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். சொந்தத்தில் யாருக்கு நாள் பார்க்கவேண்டுமென்றாலும் அவளுக்குத்தான் போன் வரும். அடுப்பைக் கிளறிக்கொண்டே, “தை இருவத்தி மூணு வெள்ளி, பத்தரைக்கு முன்னாடி முடிச்சிரு” என்பாள். காலண்டர் பானு என்றுதான் அவளுக்குப் பெயர். அவர்களுடைய அப்பா வாழை வைத்தவர்; கன்று ஊன்றுவதிலிருந்து தார் வெட்டுவதுவரை தமிழ் மாசத்தில்தான் கணக்கு. அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஊரெல்லாம் இங்கிலீஷ் தேதி பேசினாலும் இவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும்போது ஆடி, ஆவணிதான்.

அப்படித்தான் போன ஆடியில் மலர்க்கொடி போன் பண்ணினாள். மகள் இளவேனிலுக்கு வளைகாப்பு, சம்பந்தி வீடு திருவானைக்கோயில், அங்கேயே ஒரு சின்ன மண்டபம், ஆவணி இருபது. பத்திரிகை அடித்து எல்லாருக்கும் கொடுத்தாள், அக்காவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அக்காவுக்கு எதற்குப் பத்திரிகை? “முதல் வளையல் ஒன் கையாலதான்” என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “எழுதிக்கிறேன் இரு” என்று பானுமதி சொன்னாள். மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது. காலண்டர் பானு எழுதிக்கொள்கிறாளாம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். இளவேனில் மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மலர்க்கொடி மண்டப வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு தரம் போன் அடித்தாள், எடுக்கவில்லை. பத்து இருபதுக்குச் சம்பந்தியம்மாள், “வரவேண்டியவங்க வரட்டும், நேரம் நிக்காதுல்ல” என்று சிரித்துக்கொண்டே முதல் வளையலை எடுத்துப் போட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பை மலர்க்கொடியால் மறக்க முடியவில்லை. சித்தார்த்தனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. அந்தப் பொறாமைதான் என்று யாரோ காதைக் கடித்தார்கள். அவளும் நம்பினாள். சாயங்காலமே சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டோக்களைப் போட்டு, ‘வரவேண்டிய ஒருத்தரைத் தவிர எல்லாரும் வந்து ஆசீர்வாதம் பண்ணினீங்க, நன்றி’ என்று எழுதினாள். அக்காவிடமும் அவள் புருஷனிடமும் இருந்தது பட்டன் போன், குரூப்பில் இல்லை. ஆனாலும் காதுக்குப் போய்ச் சேரும் என்றுதான் எழுதினாள்.

ஆறு மாசம் ஆகிவிட்டது. இளவேனிலுக்கு ஆண் குழந்தை பிறந்து மூன்று மாசம் முடிந்துவிட்டது. அக்காவுக்குப் புற்று ஈரலில் பரவிவிட்டது என்று சித்தார்த்தன் இரண்டு தரம் போன் பண்ணினான். வாழைத்தார் வெட்டு முடியட்டும், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள் மலர்க்கொடி. இன்றைக்குப் புதன்கிழமை.

கூடத்தின் மூலையில் அக்கா புருஷன் ரங்கநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, இவளிடமும் அதையே சொன்னார். கீமோ முடிந்ததிலிருந்தே அவள் பழைய பானுமதி இல்லை. சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போடுவாள். காஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடிப் போவாள். ஒருநாள் முழுக்கப் போனைத் தேடி, ராத்திரி பார்த்தால் ஃபிரிட்ஜுக்குள் மோர்ச் சட்டி பக்கத்தில் இருந்தது, சார்ஜ் செத்து.

“மறதின்னா மறதி, அப்படி ஒரு மறதி” என்றார். “நானும் கொஞ்சமாவா திட்டினேன்?”

“மறதின்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே மாமா.”

“இதைப் போயி என்னன்னு சொல்றது? உசிரு பொழைச்சாப் போதும்னு இருக்கோம். இதுல மறதி ஒரு நோயா?”

மயிலம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நாங்க கேலி பண்ணுவோம், அண்ணி, ஒனக்கு மருந்து ஏத்தினது மாருக்கா மண்டைக்கான்னு. அதுவும் சிரிக்கும்.”

புழுக்கமாக இருந்தது. மலர்க்கொடி மருதையைப் பார்த்துவருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

சாமியானாவுக்கு அந்தப் பக்கம், தெரு ஓரமாக ஒரு ஆட்டோ நின்றது. அதில் சாய்ந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவன் நின்றான். நாற்பது வயசு இருக்கும். காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. இவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். கிட்டே வரலாமா வேண்டாமா என்று தயங்கி, பிறகு வந்தான்.

“நீங்க முசிறி அக்காதானே?”

“ஆமா. நீங்க?”

“ஹாலித். டீச்சரம்மாவுக்கு நான்தான் ஆட்டோ. எட்டு கீமோவுக்கும், அப்புறம் ரேடியேஷன் கரண்டு வெக்கப் போனதுக்கும் எல்லாத்துக்கும். மூக்குல மச்சம் இருக்கும்னு ஒங்களைப் பத்திச் சொல்லுவாங்க.” ஆட்டோவைக் காட்டினான். “ஒங்க சாமான் ஒண்ணு எங்கிட்ட இருக்குக்கா.”

ஆட்டோவின் பின்சீட்டைத் தூக்கினான். ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கவர் சுற்றி, ஒரு மஞ்சப்பை. அதை எடுத்துத் துடைத்து அவளிடம் நீட்டினான்.

மலர்க்கொடி பிரித்தாள். மேலே ஒரு ரவிக்கைத் துணி, குங்குமச் சிமிழ். கீழே நூலில் கட்டிய கண்ணாடி வளையல்கள், சிவப்பும் பச்சையுமாக இரண்டு கட்டு. அடியில் நாலாக மடித்த ஒரு தாள். நாட்காட்டியில் கிழித்த தாள். பெரிசாக 20 என்று போட்டிருந்தது. பின்பக்கம் அக்காவின் கோணல் எழுத்து: ‘மலர் பொண்ணு வளைகாப்பு. திருவானைக்கோயில். முதல் வளையல் நான்.’

“இது எப்ப தம்பி?”

“செப்டம்பர் இருவதுக்கா. புரட்டாசி மொத சனிக்கிழமை. கோயிலுக்கு வந்த கூட்டம் ரோட்டையே அடைச்சிருந்துச்சு, அதான் எனக்கு நல்லா ஞாபகம். அவங்க வீட்டுச் சாரு பெருமாள் பாக்க வரிசையில நிக்கப் போயிட்டாரு, நாம முன்னாடி போவோம்னு பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வந்தாங்க. தலையில அப்பத்தான் முடி மொளைச்சிருந்துச்சு, அதுலயும் எப்படியோ பூவைக் குத்தியிருந்தாங்க. மண்டபத்துக்குப் போனா கேட்டு பூட்டிக் கெடக்கு.”

மலர்க்கொடி தாளைத் திருப்பினாள். இருபதுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: புரட்டாசி 4, சனி.

“வாட்ச்மேன் வந்து, புரட்டாசியில யாரும்மா மண்டபம் எடுப்பாங்க, நீங்க சொல்ற விசேஷம் அஞ்சாந்தேதியே முடிஞ்சுபோச்சேன்னான். அப்படியே படியில ஒக்காந்துட்டாங்க. அப்புறம் பையைப் பிரிச்சுத் தாளை எடுத்துப் பாத்தாங்க. ஆவணி இருவதுன்னா செப்டம்பர் அஞ்சு, இது எனக்குத் தெரியாதாப்பா, இதைச் சொல்லித்தானே எல்லார் வீட்டுலயும் நாள் வெச்சேன்னு கேட்டாங்க. எங்கிட்ட கேட்டா எனக்கு என்ன தெரியும்?”

“அப்புறம்?”

“அப்புறம் ஒங்களுக்குப் போன் அடிச்சாங்க. அந்தப் படியில ஒக்காந்தே மூணு தரம் அடிச்சாங்க. நீங்க எடுக்கலை. சனிக்கிழமை, பூசையில இருப்பா, மாவு கையா இருக்கும்னாங்க.”

மாவு கைதான். அந்த நிமிஷம் மலர்க்கொடிக்கு அப்படியே தெரிந்தது. முசிறி வீட்டில், மாவிளக்குக்கு வெல்லமும் மாவும் பிசைந்துகொண்டிருந்தாள். சமையல் மேடையில் போன் அடித்தது. ‘அக்கா’ என்று பெயர் வந்தது. பதினைந்து நாள் கழித்து இப்போதுதான் நேரம் கிடைத்ததாக்கும் என்று நினைத்தாள். மாவு கையாலேயே போனைக் குப்புறக் கவிழ்த்தாள். மூன்று தரம் அடித்தது. மூன்று தரமும் மேடையில் கிடந்து அதிர்ந்தது. மருதை, எடுத்துத்தான் பேசேன் என்றான். அவள் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து போனே வரவில்லை.

“ஏன் தம்பி யாருமே எங்கிட்ட சொல்லல?”

“வீட்டுல யாருக்கும் தெரியாதுக்கா. நாளு தள்ளிப்போச்சுன்னு சார்ட்ட சொல்லிட்டாங்க. எங்கிட்டயும் சத்தியம் வாங்கினாங்க. திமிர் புடிச்சவன்னு அவ நெனைச்சாப் பரவாயில்லை, புத்தி கெட்டவன்னு நெனைக்கக் கூடாது ஹாலித்துன்னாங்க.” அவன் தரையைப் பார்த்தான். “உசிரோட இருக்கிற வரைக்கும்தான் சத்தியம்னு நான் எடுத்துக்கிட்டேன்.”

மலர்க்கொடி ஆட்டோவின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஹாலித் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். கீமோ பாதியிலேயே இது ஆரம்பித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, வழியில் கீரை வாங்கணும் ஞாபகப்படுத்து என்பாளாம். கீரைக்கடையில் நிறுத்தினால் எதற்கு நிறுத்தினாய் என்பாளாம். ஒருநாள் டாக்டரிடமே கேட்டுவிட்டாள். அந்த டாக்டரம்மா, இது உன் சோம்பலும் இல்லை, மனப்பிரமையும் இல்லை, மருந்து போன சிலருக்கு மூளையிலேயே மாற்றம் தெரிகிறது என்று படம் போட்டுக் காட்டினார்களாம்.

“திரும்பி வரும்போது எங்கிட்ட கேட்டாங்க. ஹாலித், ஒன் வண்டியில ஒயர் மேல இருக்கிற ரப்பர் தேஞ்சா என்ன ஆகும்னு. ஹார்ன் அடிச்சா லைட்டு எரியும், லைட்டு போட்டா ஹார்ன் அடிக்கும்னேன். அதேதாம்ப்பா எனக்குன்னாங்க. மருந்து கட்டியக் கொல்லப் போற போக்குல மண்டைக்குள்ள இருக்கிற ஒயர் ரப்பரையும் தேச்சிருச்சாம். நெனப்பைப் பதியவெக்கிற எடம் ஒண்ணு உள்ள இருக்காம், சுண்டுவிரல் அளவுக்கு. அது கொஞ்சம் வத்திப்போச்சாம். சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அவங்களுக்கு நிம்மதிக்கா. காரணம்னு ஒண்ணு இருக்கேன்னு.”

“இந்தப் பை?”

“வீட்டுக்குக் கொண்டுபோனா எங்க வெச்சேன்னு மறந்துடுவேன், ஒன் வண்டியிலயே கெடக்கட்டும், அவ பேசினதும் கொண்டுபோய்க் குடுக்கலாம்னாங்க. அப்பப்ப கேப்பாங்க, பை இருக்கான்னு. அதை மட்டும் மறக்கவே இல்லை.”

மலர்க்கொடி ஒரு வளையலை எடுத்துப் பார்த்தாள். உள்பக்கம் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. ரெண்டு நாலு. இளவேனிலின் அளவு. இளவேனிலுக்கு மெல்லிய கை. எல்லாரும் ரெண்டு ஆறு வாங்கிவந்து, போட்டதெல்லாம் முழங்கைவரை ஓடியது அன்றைக்கு. தேதியை மறந்தவள் அளவை மறக்கவில்லை.

அவள் நூலை அவிழ்த்து ஏழு வளையல்களை மட்டும் எண்ணி எடுத்தாள். தாளையும் எடுத்துக்கொண்டாள். மிச்சத்தைத் திரும்பப் பையில் போட்டு அவனிடமே நீட்டினாள்.

“இது சாவு வீட்டுக்குள்ள வரக் கூடாது தம்பி. வந்துட்டா அப்புறம் பிள்ளை பெத்தவளுக்குப் போட முடியாது. ஒங்க வண்டியிலயே இருக்கட்டும். பதினாறு முடிஞ்சதும் வந்து வாங்கிக்கிறேன்.”

“என்னைக்குக்கா?”

பங்குனி பன்னெண்டு என்று வாய்வரைக்கும் வந்தது. மென்று விழுங்கினாள். “மார்ச் இருவத்தாறு. வியாழக்கிழமை” என்றாள். பிறகு இன்னொரு தரம், “மார்ச்” என்றாள்.

அவள் திரும்ப உள்ளே போனபோது ரங்கநாதன் அதே இடத்தில் இருந்தார். பக்கத்தில் போய்க் குனிந்து, மூளையில மாற்றம்னு டாக்டரம்மா சொன்னாங்களா மாமா என்று கேட்டாள். அவர் சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சொன்னாங்க. நானும் கூடத்தான் இருந்தேன். எல்லாருக்கும் வராதாம், வந்தாலும் பாதிப் பேருக்கு மேல வருஷம் திரும்பினா தெளிஞ்சுடுமாம், சில பேருக்குத் தங்கிடுமாம். திட்டாதீங்க, எழுதி வெச்சுக்கச் சொல்லுங்கன்னாங்க.” துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். “எனக்கும் வயசாச்சு, எனக்குந்தான் மறதி இருக்குன்னு சொல்லிட்டு அடுத்த சந்தேகத்தைக் கேக்கப் போயிட்டேன் மலரு.”

இரண்டு மணிக்கு ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள். ஆண்கள் வெளியே போனார்கள். நாலு பெண்கள் நாலு பக்கமும் சேலையைப் பிடித்து மறைத்துக்கொள்ள, குளிப்பாட்டி மஞ்சள் பூசினார்கள். இடது பக்கம் மார்பு இருந்த இடத்தில் தழும்பு நீளமாக ஓடியது. மலர்க்கொடி இப்போதுதான் அதைப் பார்க்கிறாள். மயிலம்மாள் பழக்கப்பட்ட கையால் அங்கே மெதுவாக மஞ்சளைத் தடவினாள். இன்னமும் வலிக்கும் என்பது மாதிரி தடவினாள்.

கோடியைப் பிரிக்கும் நேரம் வந்தது. மயிலம்மாள் விலகாமல் தலைமாட்டிலேயே நின்றாள். தான் வாங்கிவைத்த புடவை அவள் இடுப்பில் செருகியிருந்தது. எல்லாரும் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

மலர்க்கொடி அந்த நாட்காட்டித் தாளை அவளிடம் கொடுத்தாள்.

மயிலம்மாள் முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் படித்தாள். உதடு அசைய இரண்டாம் தரம் படித்தாள். திரும்பவும் முன்பக்கத்தைப் பார்த்தாள்.

“கீழ புரட்டாசின்னு போட்டிருக்கே.”

“ஆமா.”

“அண்ணியா இதைப் பாக்கலை?”

“பாக்கலை. பூட்டின மண்டபத்துக்கு வளையலோட போயிருக்கா மயிலக்கா.”

மயிலம்மாள் தாளைப் பிடித்தபடியே நின்றாள். மாருக்கா மண்டைக்கா என்று கேட்ட வாயை ஒரு தரம் புறங்கையால் துடைத்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த புடவையை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

“குடு, ஒரு தலைப்பை நான் புடிக்கிறேன். ஒத்தையாப் போத்த முடியாது ஒன்னால.”

இரண்டு பேருமாகக் கோடியைப் போர்த்தினார்கள். பூ வைத்தார்கள். கடைசியில் மலர்க்கொடி முந்தானையிலிருந்து வளையல்களை எடுத்தாள். இடது கையில் ஏறாது. யாரும் முயன்றும் பார்க்கவில்லை. வலது கையைத் தூக்கி மடியில் வைத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

“சின்ன அளவாட்டம் இருக்கே, சோப்பு கொண்டாரவா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். அக்காவுக்கு எப்போதும் ரெண்டு எட்டு. கல்யாணத்துக்கே சோப்புப் போட்டு, அவள் கத்தி, அம்மா திட்டித்தான் ஏற்றினார்கள்.

சோப்புத் தேவைப்படவில்லை. முதல் வளையல் விரல் மூட்டைத் தாண்டித் தானாகவே மணிக்கட்டுக்குப் போய் நின்றது. ஏழும் அப்படித்தான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். அமரர் ஊர்தி ஓயாமரி சுடுகாட்டுப் பக்கம் திரும்பும்வரை ஹாலித்தின் ஆட்டோவும் பின்னாலேயே போனது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு ஒவ்வொருவராகக் குளித்தார்கள். மயிலம்மாள் எல்லாருக்கும் காப்பி போட்டாள். சர்க்கரை போட்டுவிட்டோமா என்று சந்தேகம் வந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. மலர்க்கொடி ஈரத் தலையோடு மாடிப்படியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். குரூப்பில் காலையிலிருந்து கும்பிடும் கைகளாக வந்து குவிந்திருந்தன. அவள் மேலே தள்ளித் தள்ளிப் போனாள். செப்டம்பர் ஐந்து வந்தது. மாலையும் கழுத்துமாக இளவேனில். கீழே அவள் எழுதிய அந்த ஒரு வரி. அதை அழிக்கலாமா என்று பார்த்தாள்; எல்லாருக்குமாக அழிக்கிற நாள் கடந்துவிட்டது. திமிர் பிடித்தவள் என்று நினைத்தால் பரவாயில்லை என்று அக்கா சொன்னதை நினைத்துக்கொண்டாள். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தாள்.

‘இளவேனில் வளைகாப்புக்கு எங்க அக்கா வரலைன்னு இங்க எழுதினது நான்தான். அது தப்பு. அக்கா வந்தா. ஆவணி இருபதுன்னு நான் வாயால சொன்னேன், அவ செப்டம்பர் இருபதுக்கு வந்தா. அவளுக்குப் புத்தி கெடலை. மருந்தால வந்தது, டாக்டரே சொல்லியிருக்காங்க. இந்த ரெண்டு வருஷத்துல உங்க வீட்டு விசேஷத்துக்கும் அவ வராம இருந்திருந்தா, நீங்க அவகிட்ட சொன்ன தேதியை இங்க எழுதுங்க. அவ என்னைக்கு வந்திருப்பான்னு நான் சொல்றேன். படிச்சுட்டு சும்மா இருக்காதீங்க. பதில் போடுங்க.’